கல்லிடைக்குறிச்சியை வட்டத்துக்குள் எழுதுவது

அப்பளப் பாக்கெட்டின் மேல் ஒட்டுகிற வட்ட லேபிள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன் மேல் விளிம்பை ஒட்டி, வளைவாக, ‘கல்லிடைக்குறிச்சி’ என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரை எழுத வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். பாளையங்கோட்டையில் கிராஃபிக் டிசைனராக இருக்கும் எனக்கு இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் 11 நாள் பிடித்தது.

அந்தச் சொல்லில் 9 எழுத்துகள். மூன்று, புள்ளி வைத்த மெய்கள்: ல், க், ச். இன்னும் மூன்றின் தலையில் விலங்கு, அதாவது இகரத்துக்கான மேல் வளைவு: லி, றி, சி. ஆக ஒன்பதில் ஆறு எழுத்துகளுக்கு மேல்மாடி உண்டு. ற-வுக்குக் கீழே வால் இறங்குகிறது. டை-யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்கிறது. வளைவின் மேல் எழுத்துகளை நிறுத்தினால் தலைகள் விரியும், கால்கள் நெருங்கும். மேல்மாடிக்காரர்களுக்கு அது வசதி. அதே சொல்லை வட்டத்தின் கீழ்ப் பாதியில் வைத்தால் தலைகள் எல்லாம் மையத்தை நோக்கிக் குவிந்து, ல்-இன் புள்ளி பக்கத்து லி-யின் விலங்கில் முட்டும். ‘அப்பளம்’ என்பதில் இரண்டு புள்ளிதான், அது கீழ் வளைவில் சமாளித்துக்கொள்ளும். எனவே ஊர் மேலே, பொருள் கீழே. சொல்லின் உடம்பே தனக்கான இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

இந்த வேலையைக் கொடுத்தவர் மூன்று தலைமுறையாக அப்பளம் போடும் குடும்பத்துக்காரர். முதல் நாள் அவர் கேட்டது வேறு.

“தம்பி, ஒரு லோகோ மட்டும் போட்டுக் குடுத்துருங்க. பேர இங்கிலீஷ்ல பெரிசா வச்சுக்கிடுவோம். தமிழு கீழ சின்னதா இருந்தாப் போதும்லா?”

“அண்ணாச்சி, கடைக்கு வாரவங்க என்ன சொல்லிக் கேக்காங்க?”

“கல்லிடை அப்பளம் இருக்கான்னுதான் கேப்பாங்க.”

“அப்ப அதத்தான முதல்ல எழுதணும்?”

அவர் கையில் இருந்த பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “சரி, எழுதிக் காட்டுங்க” என்றார்.

நெல்லைச் சீமையில் பிராண்டிங், அதாவது ஒரு பொருளுக்கு அடையாளம் கட்டுவது, என்றால் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்துப் பொருள்கள் ஊர்ப்பெயரோடுதான் விற்கின்றன. திருநெல்வேலி அல்வா, பத்தமடைப் பாய், கோவில்பட்டி கடலை மிட்டாய், தூத்துக்குடி மக்ரூன், உடன்குடி கருப்பட்டி. (இதில் சில ஊர்கள் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன, 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான்.) வாங்குகிறவர் வாயில் முதலில் வருவது ஊர். கடையின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. ஊர்ப்பெயரை மட்டும் ஒருவர் தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்வது எளிதல்ல. பொருள் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லும் பெயரை, 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் பொதுவாகத் தனியொருவருக்கு விட்டுக்கொடுப்பதில்லை. நீண்ட காலப் புழக்கத்தால் அந்தப் பெயர் ஒருவரையே குறிக்கிறது என்று காட்டினால்தான் வழி உண்டு. புவிசார் குறியீடு என்பது வேறு ஏற்பாடு. 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குக் கிடைத்தது, அதற்கு முன்பே பத்தமடைப் பாய்க்குக் கிடைத்தது. அது அந்த வட்டாரத்தில் அந்த முறைப்படி செய்கிறவர்கள் எல்லாருக்குமான பாதுகாப்பு. பக்கத்துத் தெருக்காரரிடமிருந்து உங்களைத் தனித்துக் காட்டுவது அதன் வேலை அல்ல.

அப்படியானால் ஒரு கடை தனக்கென்று எதை வைத்துக்கொள்ள முடியும்? பெயரை எழுதிய விதத்தை. ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வரைந்த எழுத்தைப் படச் சின்னமாகப் பதியலாம்; பதிவு 10 ஆண்டு செல்லும், விரும்பும் வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ‘கல்லிடைக்குறிச்சி’ ஊருக்குச் சொந்தம். அந்த றி-யின் வால் எப்படி வளைகிறது என்பது அண்ணாச்சிக்குச் சொந்தமாகலாம். லோகோ என்று போடுகிற இலைப்படம் எல்லா அச்சகத்துக் கம்ப்யூட்டரிலும் நூறு கிடக்கிறது. எழுத்தை வரைந்தால் அது வேறு எங்கும் கிடைக்காது.

நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் இருக்கும் இருட்டுக்கடையை இங்கே யாராவது நிச்சயம் சொல்வார்கள். பெயர்ப்பலகை இல்லாமலே பேர் எடுத்த கடை அது; மங்கலான வெளிச்சத்தைப் பார்த்து சனங்களே வைத்த பெயர். ஆனால் அந்தப் பெயரை நன்றாகக் கவனியுங்கள். அது ஊர்ப்பெயரும் இல்லை, சாமிப்பெயரும் இல்லை, உரிமையாளர் பெயரும் இல்லை. கேட்டவுடன் ஒரு காட்சி கண்முன் வருகிறது. தலைமுறை தலைமுறையாக வாடிக்கையாளர்கள் கட்டிக் கொடுத்த அந்த அடையாளத்தை புதிதாகக் கடை போடுகிறவர் ஒரே நாளில் வாங்க முடியாது. அவருக்கு எழுத்துதான் கைப்பிடி.

தமிழ் எழுத்தோடு வேலை செய்வது எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் பாதிப் பேர் இதைப் படிப்பதே இல்லை. வடிவமைப்புப் பாடங்கள் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு உண்டு. ஒரு சொல்லை உரக்கச் சொல்ல வேண்டுமானால் முழுவதையும் பெரிய எழுத்தில் போட்டுவிடலாம். தமிழில் அந்த வசதி இல்லை. சாய்வெழுத்தும் நமக்கு மரபு இல்லை. சாய்த்தால் காற்றில் சரிந்த பந்தக்கால் மாதிரி நிற்கும். ஒரு சொல்லை முன்னால் கொண்டுவர நம்மிடம் இருப்பவை பருமன், அளவு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம். இவற்றில் வெற்றிடம்தான் செலவே இல்லாதது, அதைத்தான் நம் ஊர் போஸ்டர்களில் யாரும் விட்டுவைப்பதில்லை.

அப்புறம் அகலம். ‘கல்லிடைக்குறிச்சி’ ஆங்கிலத்தில் 15 எழுத்து. ஒரே அளவு எண் கொடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எண் ஒன்றாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது. ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியைத் தமிழுக்கும் போட்டால், மேல் வரியின் ற-வின் வால் கீழ் வரியின் விலங்கைத் தொடும். தமிழுக்குக் கூடுதல் மூச்சு வேண்டும். ஆங்கிலச் சொற்களில் எழுத்துகளை விலக்கி விலக்கி வைக்கும் அழகு ஒன்று உண்டே, அதைத் தமிழில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. டை-யை விலக்கினால் கொம்பு தனியே பிரிந்து, லி-க்கும் ட-வுக்கும் நடுவில் யாருடையது என்று தெரியாமல் அலையும்.

கணினி இந்தச் சொல்லை எப்படிப் பார்க்கிறது என்பதும் தெரிய வேண்டும். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையான யூனிகோடில் க ஒரு குறியீடு, ல்-க்கு இரண்டு, லி-க்கு இரண்டு. நமக்கு 9 எழுத்தாகத் தெரியும் இந்த ஊர், கணினிக்கு 17. டை-யில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் ட-வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. அண்ணாச்சியின் பில் போடும் மென்பொருள் ஒரு பொருளின் பெயருக்கு 20 குறியீடுகள்தான் எடுத்துக்கொண்டது. அதனால் ரசீதில் ‘கல்லிடைக்குறிச்சி அப’ என்று வந்து நின்றது. எண்ணிப் பாருங்கள்: 17, ஓர் இடைவெளி, அ, ப. புள்ளி வைப்பதற்குள் இடம் முடிந்துவிட்டது.

தமிழ் அச்செழுத்தின் கதைக்கு எங்கள் தாமிரபரணி ஆறு நெருக்கமானது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறித்தவ நூல் தமிழ் எழுத்தில் அச்சானபோது அதற்குப் பின்னால் நின்றவர் முத்துக்குளித்துறையில் வேலை செய்த போர்த்துகீசியப் பாதிரியார் அன்றீக்கு அடிகளார். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் அவர் வாழ்ந்த ஊர். அச்சுச் செலவுக்குக் காசு கொடுத்தவர்கள் அந்தக் கடற்கரை மக்கள். அதுவரை எழுத்தாணி ஓலையில் கீறிய எழுத்து, கோடு முழுவதும் ஒரே பருமன், ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியைக்கூட விட்டுவிடும் பழக்கம். அந்த எழுத்து உலோகத்துக்கு மாறிய முதல் முயற்சிகளில் எங்கள் கரையின் பங்கு இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறை புன்னைக்காயல் பக்கம் போகும்போதும் நினைத்துக்கொள்வேன்.

எழுத்து மாறிக்கொண்டும் இருக்கிறது. பழைய கடைப் பலகையிலோ அடிக்கல்லிலோ ‘நெல்லை’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். லை-க்கு முன்னால் இன்றைய கொம்பு இருக்காது. யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ல-வின் தலையில் ஏறி நிற்கும். ‘அண்ணாச்சி’யில் ணா-வுக்குத் தனிக் கால் இருக்காது, ண-வோடு சேர்ந்தே சுழியும். பெரியார் 1930-களிலேயே தன் ஏட்டில் புழங்கவிட்ட சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஆணையாக்கியபோது இப்படி 13 எழுத்துகளின் பழைய வடிவம் பாடப்புத்தகத்திலிருந்து போயிற்று. எங்கள் ஊர்ப்பெயரும், நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல்லும் அந்தப் பதின்மூன்றில் மாட்டிக்கொண்டவை. பழைமை வேண்டும் என்று கேட்கும் கடைகளுக்குத் துதிக்கை லை-யைத் திரும்ப வரைந்து கொடுக்கச் சொல்லி டிசைனர்களிடம் இப்போது வருகிறார்கள். கடை அந்தக் காலத்திலிருந்தே இருந்தால் செய்து கொடுக்கிறேன். போன வருடம் திறந்த கடைக்கு அதை வரைய எனக்கு மனம் வருவதில்லை.

இனி டிசைன் சிஸ்டம். பெயர் பெரிதாக இருப்பதால் பயப்பட வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறுங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, மூன்று மொழி. தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் வழியே பார்த்தாலும் இது நிலையத்தின் பெயர், விளம்பரம் இல்லை என்று தெரிந்துவிடும். பலகை எழுதுகிற பெயின்டர் மாறினாலும் பலகை மாறாது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று ஒரு தரம் தீர்மானித்து எழுதி வைத்துவிட்டால், அடுத்த ஆள் வந்து அதே மாதிரி செய்ய முடியும். டிசைன் சிஸ்டம் என்பது அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களில் அது நூற்றுக்கணக்கான பக்கம் போகும். அண்ணாச்சிக்கு நான் செய்தது இரண்டு பக்கம், லேமினேஷன் போட்டு அப்பளம் பேக் செய்யும் அறையில் தொங்குகிறது.

அதில் இருப்பவை எல்லாம் அங்கே நடந்த சங்கடங்களிலிருந்து வந்தவை. பெயரை எந்த ஃபாண்டிலும் தட்டச்சு செய்யக் கூடாது, வரைந்த வடிவம் மட்டும்தான். சுற்றிலும் க-வின் உயரம் அளவுக்கு வெற்றிடம் விட வேண்டும். ரசீதிலும் சின்ன ஸ்டிக்கரிலும் முழுப்பெயர் வேண்டாம், ‘கல்லிடை அப்பளம்’ போதும். ஊர்க்காரர்கள் வாயில் வருவதும் அதுதான், குறியீட்டுக் கணக்கிலும் 15-இல் அடங்கும். மற்ற வாசகங்களுக்கு முக்தா மலர் எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், ஹிந்த் மதுரை என்று இலவசமாகவும் முறையான உரிமத்தோடும் கிடைக்கும் எழுத்துருக்கள் இன்று நிறைய இருப்பதால், திருட்டு ஃபாண்ட் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

நிறம் இரண்டே இரண்டு: மிளகுக் கறுப்பு, மஞ்சள். ரசனை ஒரு காரணம், செலவு இன்னொரு காரணம். பாலிதீன் கவர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். உள்ளே தெரிகிற கவரில் மஞ்சளை அப்படியே அடித்தால் அப்பளத்தின் நிறத்தோடு கரைந்துவிடும். அடியில் வெள்ளை போட வேண்டும், அந்த வெள்ளையும் ஒரு சிலிண்டர். ஆக இரண்டு நிறம் என்று நான் சொன்னது அவர் பையில் மூன்றாக விழுந்தது. நாலாவது கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார், நானும் கேட்டிருக்கக் கூடாது.

சட்டம் இரண்டு பக்கமும் இழுப்பதையும் சொல்ல வேண்டும். கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று விகிதமே இருக்கிறது. பாக்கெட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. உணவுப் பொருள் லேபிளில் சேர்மானங்கள் முதலான கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், தமிழில் மட்டும் போட முடியாது. அதோடு 14 இலக்க உரிம எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, விலை, தயாரித்த தேதி. எல்லாவற்றையும் வைத்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் பல டிசைனர்கள் தமிழைச் செருகுகிறார்கள். என் பாட்டி மாதிரி ஒரு ஆள், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உளுந்து, உப்பு, பிரண்டை, அப்பளக்காரம் என்று வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும். அதனால் முன்பக்கம் முழுவதும் தமிழ், பின்பக்கத்தில் கட்டாய விவரங்கள், அதற்குப் பக்கத்திலேயே அதே அளவில் சேர்மானங்கள் தமிழில் என்று பிரித்தேன்.

முதல் அச்சு கெட்டுப்போனது. அச்சகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து அச்சகங்களில் கோரல் என்ற வரைகலை மென்பொருள்தான் புழக்கம்; எழுத்தை ‘கர்வ்’ செய்து, அதாவது எழுத்தைப் படக்கோடாக மாற்றி, அனுப்பினால்தான் அங்கே அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் வடிவம் குலையாது. வரைந்த பெயர் கோடாகத்தான் இருந்தது. பின்பக்கத்து முகவரியை நான் எழுத்தாகவே விட்டிருந்தேன். அவர்களுடைய பழைய கணினியில் கொம்பை இடம் மாற்றத் தெரியாமல், ட முன்னால் வந்து, கொம்பு புள்ளிவட்டத்தோடு பின்னால் தனியே நின்றது. வாட்ஸ்அப்பில் வந்த புரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரியை, செல்போன் அளவில் பார்த்து நானும் அண்ணாச்சியும் சரி என்று சொல்லிவிட்டோம். 2,000 லேபிள் வீணானது. அவர் என்னைத் திட்டவில்லை. “பிள்ளை பேர தப்பா எழுதின மாதிரி இருக்கு தம்பி” என்றார், அவ்வளவுதான். அந்த இரண்டு பக்க விதித்தாளின் கடைசி வரி அன்றைக்கு எழுதியது: புரூஃபை அச்சாகும் அதே அளவில் காகிதத்தில் எடுத்து, இரண்டு பேர் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. 5 ரூபாய் பாக்கெட்டுக்கான ஸ்டிக்கர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எவ்வளவு மெலிதாக வரைந்தாலும் மை பரவி லி-யின் சுழி அடைத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி கல்யாணத்துக்குப் பாய் சொல்ல பத்தமடைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை, பெண் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். பாவு நூல் நேராக ஓடும். சாயம் ஏற்றிய கோரையை அதன் ஊடே எத்தனை நூலுக்கு மேலே, எத்தனை நூலுக்குக் கீழே விடுகிறோம் என்பதுதான் எழுத்து. வளைவு என்று ஒன்று கிடையாது, எல்லாம் படிக்கட்டு. நெய்கிற அக்கா பெயர்களைக் கேட்டதும் விரலை மடக்கி எண்ணினார்.

“கண்ணன்னா ண ரெண்டு வருது தம்பி. ண-வுக்கு எடம் ஜாஸ்தி பிடிக்கும். ன-ன்னா கொஞ்சத்துல முடிஞ்சிரும். சுழிய சின்னதாக்குனா அடைஞ்சு போவும், அதனால நான் சுழிய தொறந்தே விட்டுருவேன்.”

அவர் விரலால் தரையில் போட்டுக் காட்டினார். ண-வின் முதல் சுழி மூடவில்லை. ஒரு கட்டம் இடைவெளி. அப்படியும் அது ண-தான், வேறு எதுவாகவும் வாசிக்க முடியாது. வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட நோட்டில் ‘கல்லிடை’யை அதே மாதிரி வரைந்தேன். லி-யின் சுழியில் ஒரு கட்டம் திறந்து, ல்-இன் புள்ளியைச் சதுரமாக்கி, டை-யின் கொம்பில் இரண்டு சுழிக்கும் நடுவே ஒரு கட்டம் விட்டேன். இப்போது அந்தச் சின்ன ஸ்டிக்கரில் இருப்பது அந்த வடிவம்தான். விதித்தாளில் அதற்கு ‘பாய் எழுத்து’ என்று பெயர் வைத்திருக்கிறோம், 20 மில்லிமீட்டருக்குக் கீழே போகிற எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள்.